எல்லாம் மலையேறிடுச்சு

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள, இதை எழுதுகிறவளுக்கு ஆசைதான். நடந்தது அதைவிட மட்டமானது. ஓர் ஆண்டுமலரில் ஒரு பக்கம் காலியாக இருந்தது.

டெல்லியில் தமிழ் மன்றங்களுக்கா பஞ்சம். அதில் ஒன்றின் மலர்க் குழுவில் இருக்கும் வைத்தி சார் போன் செய்து, தலைநகருக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு மலையில் ஏறிவிட்டு வந்து எழுதித் தரச் சொன்னார். சின்னதாக இருக்க வேண்டும், பாசிட்டிவாக இருக்க வேண்டும். "நீ நன்னா எழுதறயாமே. ஆனா கொஞ்சம் காரம் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றா. மலர்ல காரம் வேண்டாம்மா."

காரமில்லாமல் உட்கார்ந்தாள். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

டெல்லிக்கு வெகு அருகில், ஆரவல்லித் தாயின் மடியில், இயற்கை அன்னை தன்—

தாயின் மடியில் அன்னை ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நிறுத்தினாள். இரண்டாவது:

சீல் பஹாடியின் உச்சியை அடைய, கடைசியில் கையையும் காலையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். வாழ்க்கையும் அப்படித்தா—

இதை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். மூன்றாவது:

கவிப்ரியாவைப் பெண் பார்க்க மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இது நின்றது. வைத்தி சாருக்குக் கட்டுரை போகாது. அந்தப் பக்கத்தில் அவர் ஊறுகாய் விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும். காரம் அதில் இருக்கும்.

2

கவிப்ரியா சாத்தூர்க்காரி. கரோல் பாகில் ஒரு மாடியறையில் இன்னொரு பெண்ணோடு வாடகைக்கு இருக்கிறாள். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. 'வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும் முதல் பெண்' என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். அவள் ஊரில் தீப்பெட்டி செய்யும் இடத்துக்கும் ஆபீஸ் என்றுதான் பெயர். அம்மா தாயம்மாள் பாவாடை கட்டிய வயதிலிருந்தே ஆபீசுக்குப் போனவள். அந்த ஆபீசில் நாற்காலி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் முதல் பட்டதாரி என்பது உண்மை. அதைக் கவிப்ரியா தன் வாயால் சொல்வதில்லை. சொல்ல விட்டால்தானே. அவளை யாருக்காவது அறிமுகம் செய்கிறவர்கள், "அந்த மாதிரி எடத்துலேர்ந்து வந்து, பாருங்களேன்" என்று இழுப்பார்கள். கண்காட்சியில் இரண்டு தலைக் கன்றுக்குட்டியைக் காட்டுகிற குரல்.

[கவிப்ரியா நீதானே என்று கேட்கப்போகிறீர்கள். பெண் எழுதினால் சொந்தக் கதை, ஆண் எழுதினால் கற்பனை வளம். கேட்டுவிட்டுப் போங்கள்.]

அவளுக்கு இந்தக் கதையில் வேண்டியது ஒன்றே ஒன்று. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. போன வருடம் ஒரு வரன் வந்தது. அவள் வேண்டாம் என்றாள். அது ஊருக்குள் 'ஜாதகம் சேரலை' என்று போயிற்று. அதற்கு முந்திய வரனையும் வேண்டாம் என்றாள். அது 'மாப்ள வீட்ல ரொம்ப அவசரப்படுறாக' என்று போயிற்று. அவளுடைய 'வேண்டாம்' ஒருநாளும் வாசற்படி தாண்டியதில்லை. உள்ளேயே வேறு உடுப்பு மாட்டித்தான் அதை வெளியே அனுப்புவார்கள். இந்தத் தடவை, வேண்டாம் என்று சொன்னது அவள்தான் என்பது இரண்டு வீட்டுக்கும் தெரிய வேண்டும். ஒரு வாக்கியம், அதற்கு எழுவாய் அவள்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றினால், மலரில் ஆன்மிகப் பகுதி இருக்கிறது. அங்கே போகலாம்.

3

பையன் வீடு மயூர் விஹார். அப்பா ராமமூர்த்தி கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து மத்திய சர்க்கார் வேலைக்கு வந்து, அதிகாரியாகி, ஓய்வு பெற்று, கூட்டுறவு அடுக்ககத்தில் வீடு வாங்கி, மார்கழியில் பால்கனியில் உட்கார்ந்து குளிரைத் திட்டுகிறவர். சொந்தக்காரர் ஒருவர் வழியாகக் கவிப்ரியாவின் அப்பா கருப்பசாமியைப் பிடித்தார். "நம்ம ஆளுகதான்" என்ற இரண்டு சொல்லில் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் பெண் தேவைப்பட்டாள்.

பஜ்ஜி சொஜ்ஜியெல்லாம் பழைய பஞ்சாங்கம், பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹைக்கிங் போகட்டும், பேசிப் பழகட்டும், நம் வீட்டில் எல்லாம் ஓப்பன் என்று ராமமூர்த்தி போனில் சொன்னதும், கருப்பசாமி உருகி ஓடிவிட்டார். எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பெரிய மனசு என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கவிப்ரியாவுக்கு அந்த மனசின் அளவு தெரிந்தது. முன்பெல்லாம் பெண்ணை நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், காலைத் தாங்குகிறாளா என்று. பாடச் சொல்வார்கள், திக்குகிறாளா என்று. இப்போது மலையில் ஏற்றிப் பார்க்கிறார்கள், மூச்சு வாங்குகிறாளா என்று. மாடு பிடிக்கிறவர்கள் பல்லைத்தான் பார்ப்பார்கள். மலையேறச் சொன்னதில்லை.

பார்ப்பதற்கு முன்பே ராமமூர்த்தி ஒரு வாட்சப் குழு வேறு தொடங்கினார். பெயர்: இரு வீட்டார். கல்யாணப் பத்திரிகையின் அடியில் போடுகிற சொல், பெண் பார்ப்பதற்கு முன்பே போனில் உட்கார்ந்துவிட்டது. அதில் கவிப்ரியாவின் அப்பா, அம்மா, ஜெயசீலன் மாமா எல்லோரும் இருந்தார்கள். சாத்தூரில் அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வெளியே போகவில்லை. போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

4

பையன் இளஞ்செழியன் இன்னும் எழுதுகிறவளின் கைக்குள் வரவில்லை.

முதல் வரைவில் அவன் முட்டாள். இரண்டாவதில் அயோக்கியன். காரில் ஏறியதும் 'உனக்குச் சமைக்கத் தெரியுமா' என்று கேட்டா— கேட்கவில்லை. அந்த வரியை அடிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவதில் நல்லவன். இருப்பதிலேயே மோசமான வரைவு அதுதான், உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதும் அதுதான். அயோக்கியனை வேண்டாம் என்று சொல்லத் துணிச்சல் தேவையில்லை, சாட்சி இருந்தால் போதும். நல்ல பையனை வேண்டாம் என்கிற பெண்ணுக்குச் சாட்சி கிடைக்காது.

உயரமானவன். குருகிராமில் ஒரு கம்பெனியில் வேலை. பிறந்தது படித்தது எல்லாம் டெல்லி. ராமமூர்த்தி தமிழ்ப் பற்றில் வைத்த பெயரை அவனாலேயே சொல்ல முடியாது. "இலன்ஜெலியன்" என்பான். அலுவலகத்தில் அதுவும் தேய்ந்து 'இலான்' ஆகிவிட்டது. தமிழ் பேசுவான், பேசுவதில் பெருமையும் உண்டு. ஆனால் அவன் தமிழில் உயர்திணை கிடையாது. அம்மா கீழே இறங்கும்போது சுவெட்டர் குடுத்துச்சு. பாஸ் நேற்று லீவு குடுத்துச்சு. செல்லமாக அம்மாவை அப்படிச் சொல்வது சாத்தூரிலும் உண்டு. இவனுக்கு போலீஸ்காரரும் வந்துச்சு, மந்திரியும் வந்துச்சு. அம்மா அப்பாவிடம் காதால் வாங்கிய தமிழ், இந்தியில் ஊறி, எல்லோரையும் ஒரே விகுதியில் கட்டிப்போட்டுவிட்டது. எழுதப் படிக்க, ஒரு கோடை விடுமுறையில் மன்றத்து வகுப்பில் கற்றுக்கொண்டானாம்.

[இதை மறக்காதீர்கள். கதை இதில்தான் இடறி விழப்போகிறது.]

"கவிப்ரியா நல்லா ஏறுது" என்று ஏறத் தொடங்கியதுமே, கூட வந்திருந்த தன் தங்கையிடம் சொன்னான். பாராட்டாகத்தான் சொன்னான். கேட்டவளுக்குத் தன் கழுத்தில் மணி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தோன்றியது.

5

வைத்தி சார் கேட்ட இயற்கை இங்கே வருகிறது.

அடிவாரத்தில் மேகிக் கடைகள், பார்க்கிங் சீட்டு கிழிக்கிறவர், தோளில் ஸ்பீக்கர் சுமந்த இளைஞர்கள், குழந்தைக்குக் குரங்குக் குல்லா மாட்டிய குடும்பங்கள். டெல்லிக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏற என்று அருகில் இருப்பது இந்த ஒன்றுதான் என்பதுபோல் பாதி டெல்லி அங்கே நின்றது. சீல் பஹாடி என்றால் பருந்துக் குன்று. பருந்துகள் இருந்தன. மேகிக்கு மேலே வட்டமடித்தன.

பாதையின் இரண்டு பக்கமும் முள்மரம். "வாவ், ஜங்கிள்" என்றாள் தங்கை ஷ்வேதா. கவிப்ரியா பார்த்தாள். சீமைக்கருவேலம். ஊரில் கண்மாயை அடைத்துக்கொண்டு நிற்கிற, வெட்ட வெட்ட முளைக்கிற அதே சனியன். அதனிடமிருந்து தப்பி ரயிலேறி இவ்வளவு தூரம் வந்தால், அது முன்னாலேயே வந்து, காடு என்று பெயர் வாங்கிக்கொண்டு நிற்கிறது.

அண்ணாந்து உச்சியைப் பார்த்தவள், இதை எங்கள் ஊரில் கரடு என்போம் என்றாள்.

"கரடு மத்லப்?" என்று அர்த்தம் கேட்டான் இளஞ்செழியன்.

"மலைன்னு சொன்னா மத்த மலைக்குக் கோவம் வந்துரும்ல. அதுக்காக வச்ச பேரு."

அவன் சிரித்தான். நடிக்காத சிரிப்பு. எழுதுகிறவளுக்கு எரிச்சலாக வந்தது. இந்த இடத்தில் அவன் புண்பட்டிருந்தால் கதை எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும்.

ஷ்வேதா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் பின்னோக்கி நடந்தாள். "பாபி, கொஞ்சம் ஸ்மைல்." அண்ணன் மனைவியை இந்தியில் அழைக்கும் சொல் அது. இன்னும் யாரும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, "பாபி, இந்தக் கல்லு மேல நில்லுங்க, அம்மாவுக்கு அனுப்பணும்." எழுதுகிறவள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாவது பாபிக்கு ஷ்வேதாவின் கணுக்காலை லேசாகப் பிசகவைத்து, பாதி வழியில் இருந்த நிம்பு பானி என்கிற எலுமிச்சைச்சாறுக் கடையின் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டாள். பெரிய வலி இல்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிடும். எழுத்தில் இப்படிச் சில சௌகரியங்கள் உண்டு. வாழ்க்கையில் நாத்தனாருக்குச் சுளுக்கு கேட்ட நேரத்தில் வராது.

இருவரும் தனியே நடந்தார்கள். அவன்தான் பேசினான். தன் வீடு, தன் வேலை, தான் ஏறிய நிஜ மலைகள். பிறகு இதைச் சொன்னான்:

"எங்க வீடு ரொம்ப ஓப்பன். கல்யாணத்துக்கு அப்புறம் நீ வேலைக்குப் போலாம், மேல படிக்கலாம், எழுதலாம். எல்லாம் உன் இஷ்டம். யாரும் ஒண்ணும் சொல்லாது."

"இப்பவும் வேலைக்குத்தான போறேன்."

"ஹான், அதான் சொல்றேன். கன்டினியூ பண்ணலாம்."

அவள் பையிலிருந்தே எடுத்து அவளுக்கே பரிசு கொடுத்தான். கொடுத்துவிட்டு அவள் முகத்தில் நன்றி வருகிறதா என்று பார்த்தான். கெட்ட எண்ணமே இல்லாமல் பார்த்தான்.

6

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவில்.)

அவளுக்கு ஏன் அவனை வேண்டாம் என்று கேட்கிறீர்கள். நியாயமான காரணம் ஒன்று இருந்தால் கதை வலுப்படும் என்று, இந்த வரைவைப் படித்த தோழி ஒருத்தியும் சொன்னாள். வேறு ஒருவனை விரும்புகிறாளா? மேலே படிக்க ஆசையா? அவன் குடிக்கிறானா?

இல்லை. பிடிக்கவில்லை. ஒரு சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மாட்டிவிட்டுப் போகிறவளைச் சரோஜினி நகர்க் கடைக்காரன்கூடக் காரணம் கேட்பதில்லை.

பையன்கள் வேண்டாம் என்றால், 'பையனுக்குப் பிடிக்கலையாம்' என்பதே முழு வாக்கியம். பெண் சொன்னால் அது விண்ணப்பம். ஆதாரங்களை இணைக்க வேண்டும். இந்தக் கதையில் இணைப்பு எதுவும் கிடையாது.

7

பாதை திடீரென்று முடிந்தது. அதற்கு மேல் பாறைதான். யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல், வீட்டளவு கல்லின் மேல் வீட்டளவு கல். இடுக்கில் விரலை நுழைத்து, முட்டியை மடக்கி, வயிறு உரச ஏற வேண்டும். இந்த மலைக்கு இருக்கிற மரியாதை முழுவதும் இந்தக் கடைசித் துண்டில்தான் இருந்தது. அதற்கு ரேஷன் கடைபோல் வரிசை நின்றது.

இளஞ்செழியன் தன் இரண்டு ஊன்றுகோல்களையும் முதுகுப் பையில் செருகிக்கொண்டு முதலில் ஏறினான். மேலே போய்க் குனிந்து, "கை குடு" என்றான். வேண்டாம், வருகிறேன் என்றாள். அவன் ஒரு கணம் நின்றுவிட்டு, தலை மறைய உச்சிக்குப் போய்விட்டான்.

கவிப்ரியா ஏறினாள். தேய்ந்த கேன்வாஸ் ஷூ வழுக்கியது. என் முழங்காலில் தோல்— [அவள் முழங்காலில். திருத்தம் தெரியட்டும்.] அவள் முழங்காலில் தோல் வழன்றது. மேலே போனதும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினாள். 'எனக்கு உங்களப் பிடிக்கல, தப்பா எடுத்துக்காதீங்க.' பின்பாதி எதற்கு என்று அதை வெட்டினாள். 'எனக்கு விருப்பமில்ல, நீங்க நல்லவருதான்.' அதிலும் பின்பாதியை வெட்டினாள். வேண்டாம் என்ற சொல்லுக்குப் பின்னால் தானாகவே ஒரு வால் முளைத்துக்கொண்டே இருந்தது.

நடுப்பாறையில் கால் எட்டவில்லை. இரண்டு கையும் இடுக்குக்குள். அப்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அடிவாரத்திலிருந்து செத்துக் கிடந்த போன், உச்சி நெருங்கிச் சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக உயிர் பெற்றுக் குதித்தது. கையை எடுத்தால் கீழே நிற்கிறவர் தலையில்தான் விழ வேண்டும். "மேடம், ஜல்தி" என்றார் அந்தத் தலைக்குரியவர்.

இந்த இடத்தில் ஒரு தத்துவம் வரும் என்று காத்திருக்காதீர்கள். வலது காலைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி, ஏறிவிட்டாள்.

8

உச்சியில் ஒரு காவிக் கொடி, சிப்ஸ் உறைகள், கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொள்ளும் மனிதர்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. எல்லாப் பக்கமும் சாம்பல் நிறப் புகை, அதில் பாதி முளைத்த குருகிராம் கட்டடங்கள்.

இளஞ்செழியன் போனைப் பிடித்துக்கொண்டு வெளிறி நின்றிருந்தான். "கவிப்ரியா, க்யா ஹுவா, என்ன ஆச்சுன்னு தெரியல. எல்லாம் அழுவுது."

அவள் தன் போனை எடுத்தாள். 'இரு வீட்டார்' குழுவில், அவளுடைய அப்பாவை அசத்துவதற்காக, அவன் மேலே வந்ததும் வராததுமாகத் தமிழில் தட்டியிருந்தான். கீழே கும்பிடும் கை படம்.

எல்லாம் மலையேறிடுச்சு.

அதற்குக் கீழே ஜெயசீலன் மாமா: 'சரி. நமக்குக் குடுத்து வைக்கலை.' அதற்குக் கீழே அவன் அம்மா: 'டேய் என்னடா ஆச்சு போனை எடு.' அதற்குக் கீழே தாயம்மாளின் குரல் பதிவு. முதலில் வெறும் மூச்சு, பிறகு, "வெளக்கு அணைஞ்ச மாதிரி ஒத்த வார்த்தையில சொல்லிப்புட்டாகளே." கடைசியில் சாம்பல் எழுத்தில்: 'ராமமூர்த்தி குழுவிலிருந்து வெளியேறினார்.' தொடங்கியவரே வெட்கத்தில் ஓடிவிட்டார்.

கவிப்ரியா சிரித்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக, பாறையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர.

"நான் என்ன தப்பா எழுதினேன்? எல்லாரும் மலை ஏறியாச்சுன்னுதானே?"

"எல்லாரும்னு எழுதலையே. எல்லாம்னுல எழுதியிருக்கீங்க. சாமி வந்து ஆடிட்டு எறங்குனா மலையேறிருச்சும்பாங்க. வெளக்கு அணைஞ்சாலும் மலையேறிருச்சும்பாங்க. எல்லாம் மலையேறிருச்சுன்னா, சோலி முடிஞ்சுதுன்னு அர்த்தம். சம்பந்தம் இல்லைன்னு அர்த்தம்."

அவன் தன் போனை எடுத்து மறுபடி படித்தான். "ஒரு லெட்டர்தானே. டிலீட் பண்ணிட்டு வேற போடறேன்."

"இரு."

காலையிலிருந்து 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு சொன்னாள். வெட்டி வெட்டி மிச்சமானதை மட்டும் சொன்னாள்: "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்." வால் முளைக்கவில்லை.

அவன் அவளைப் பார்த்தான், புகையைப் பார்த்தான், ஷூவைப் பார்த்தான். அடிபட்டிருந்தான், அது தெரிந்தது. ஏன் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். எழுதுகிறவள் அவனுக்குக் கொடுக்கிற ஒரே மதிப்பெண் அதற்குத்தான். ஆனால் அவன் அதோடு நிற்கவில்லை. நல்லவர்கள் நிற்க மாட்டார்கள்.

"அப்போ ஒண்ணு பண்ணலாம். அந்த மெசேஜை அப்படியே விட்ருவோம். நான் வேண்டாம்னு சொன்னதா இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் ஆகாது. உன்ன யாரும் பேசாது."

[ஒரு வரைவில் இந்த இடத்தில் அவனைப் பாறையிலிருந்து தள்ளியும் பார்த்தாயிற்று. விழுந்து, எழுந்து, தூசி தட்டிக்கொண்டு சாரி சொன்னான்.]

அவளுக்கு விடுதலை. அவனுக்குத் தியாகி பட்டம். அவள் வாயிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த 'வேண்டாம்', அது சூடு ஆறுவதற்குள் அவன் பெயருக்கு மாறிவிடும். இதைவிடப் பெரிய அவமானத்தை இதைவிட அன்பாக யாரும் அவளுக்குத் தந்ததில்லை.

9

எழுதுகிறவள் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறாள். ஒன்றும் உருப்படவில்லை.

முதலாவதில் அவன் சொன்னபடியே விட்டுவிடுகிறாள். ஊர் அவள்மேல் பரிதாபப்படுகிறது. பரிதாபம் சத்தமில்லாத சாமான், பெட்டியில் வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம். பாதிப் பெண்கள் தள்ளிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுதுகிறவள் இந்த முடிவை இரண்டு முறை படித்தாள். நன்றாக இருந்தது. அதனாலேயே பயமாக இருந்தது.

இரண்டாவது வைத்தி சாருக்கானது. தப்பு திருத்தப்படுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், தாலி கட்டும் மேடையில் ஜெயசீலன் மாமா இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார். பாசிட்டிவ்.

மூன்றாவதில் அவள் குழுவிலேயே எழுதிவிடுகிறாள்: வேண்டாம் என்று சொன்னது நா—

அவள் தட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பாவின் அழைப்பு வந்துவிட்டது.

எடுத்ததும் அவர், சாப்பிட்டியா பாப்பா என்று கேட்டார். பின்னால் அம்மா மூக்கைச் சிந்துவது கேட்டது.

"ஒன்னைய வேண்டாங்கறதுக்கு அவனுக்கு என்ன யோக்கியத இருக்கு. நீ ஒண்ணும் வெசனப்படாத, பாப்பா. அப்பா இருக்கேன்."

கருப்பசாமி அப்படிப் பேசுகிறவர் இல்லை. அவள் பரீட்சையில் தேறிய அன்று சரி என்றார். டெல்லிக்கு ரயிலேறிய அன்று, பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டு என்றார். அப்பா இருக்கேன் என்ற இரண்டு சொல்லைக் கேட்பதற்கு, அவளை ஒருவன் வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஜெயித்தபோது கிடைக்காதது. அவன் வேண்டாம் என்றதாக இருக்கும்வரை அந்தக் குரல் அவளுடையது. அவள்தான் சொன்னாள் என்று தெரிந்த நொடியில் அது மலையேறிவிடும்.

இளஞ்செழியன் கொஞ்சம் தள்ளி நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம்.

கவிப்ரியா எழுந்து நின்றாள். "அப்பா, அவுக எழுதுனத விடுங்க. வேண்டாம்னு சொல்லிட்—"

அவள் முழுதாகத்தான் சொன்னாள். எழுதுகிறவளுக்கு அது கேட்டது. ஆனால் உச்சியில் காற்று, சிக்னல் ஒற்றைக் கோடு, பின்னால் ஸ்பீக்கர். கடைசி எழுத்து சாத்தூர் போய்ச் சேரவில்லை.

"சொல்லிட்டு? விட்டு விட்டுக் கேக்குது பாப்பா. யாரு? யாரு சொன்னது?"

இந்த மொழியில் அந்த வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டாம், கடைசி எழுத்தே போதும். ஆன் போட்டால் அவன். ஏன் போட்டால் அவள். ஏன் என்று முடித்தால், அப்பாவின் அடுத்த கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் தடவை சொன்னதைக் காற்று கொண்டுபோய்விட்டது. அதை யாரும் துணிச்சல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அவளும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அவர் கேட்டுவிட்டார். அந்தக் குரல் இன்னும் இளகியேதான் இருக்கிறது. இனி அவள் சொல்வது இரண்டாம் தடவை. எழுதுகிறவள் இங்கே பேனாவை மூடுகிறாள். பயந்து அல்ல. இத்தனை காலமாக இந்த வாக்கியத்தை அவளுக்காக முடித்துக் கொடுத்தவர்கள் நீங்கள்தான்: ஜாதகம் என்றீர்கள், அவசரம் என்றீர்கள். போன பத்தியிலேயே மனசுக்குள் ஓர் எழுத்தைப் போட்டு முடித்தும் வைத்திருப்பீர்கள். என்ன போட்டீர்கள் என்பதை அவளிடம் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் ஒருத்தி இருப்பாள், அவளிடம் சொல்லுங்கள்.

கருப்பசாமி இன்னும் லைனில் இருக்கிறார்.

"வேண்டாம்னு சொல்லிட்—